படகில் பாட்டு செட்: எந்த செட் என்று கேட்குமுன் எந்த பேட்டரி என்று பாருங்கள்

ஏப்ரல் 15ஆம் தேதி தடைக்காலம் தொடங்கிவிட்டால் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் எனக்குத் தலைக்குமேல் வேலை. ஜூன் 14 வரை 61 நாள். படகுகள் வரிசையாகக் கரையேறி நிற்கும். ஒரு படகில் பலகை மாற்றுவார்கள், அடுத்ததில் பெயிண்ட் அடிப்பார்கள், இன்னொன்றில் எஞ்சினைப் பிரித்துப் பரப்பி வைத்திருப்பார்கள். ஒயரிங்குக்கு என்னைக் கூப்பிடுவார்கள். லைட், படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப், ஜி.பி.எஸ்., ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், பிற படகுகளோடு பேசும் வாக்கி என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, நான் கிளம்பும் நேரத்தில் கொஞ்சம் தயக்கத்தோடு, "அண்ணே, அப்புறம் ஒரு பாட்டு செட்டும் மாட்டணும்" என்பார்கள்.

இதில் தயங்க ஒன்றும் இல்லை. தங்குகடலுக்குப் போகிறவர்கள் ஐந்து நாள், ஒரு வாரம் என்று கரையைப் பார்க்காமல் இருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு வலை ஏற்றும்போது கண் சொக்காமல் நிற்கவைப்பது பாட்டுதான். நானும் சில வருஷம் அந்த வேலை பார்த்தவன். அதனால் பாட்டு செட் வேலையை நான் கடைசி வேலையாக ஒருநாளும் நினைத்ததில்லை.

இந்த வருஷம் என் மச்சான் கேட்டார். அவருடையது 24 வோல்ட் எஞ்சின் உள்ள பெரிய விசைப்படகு. போனில் மூன்று படம் அனுப்பியிருந்தார்: ஒரு கார் செட், படகுக்கென்றே செய்த ஒரு மரைன் செட், ஒரு பெரிய புளூடூத் ஸ்பீக்கர். "இதுல எது மச்சான்?" என்று கேள்வி. எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். நான் அவரிடம் திருப்பிக் கேட்டது, "கரண்ட் எங்கேருந்து எடுக்கப்போறீங்க?" என்றுதான். செட் தப்பாக வாங்கினால் பணம் போகும். பேட்டரி தப்பானால் நடுக்கடலில் எஞ்சின் கிளம்பாது.

நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த படகில் ஒரு கார் செட்டை எஞ்சின் பேட்டரியிலேயே நேராக மாட்டியிருந்தார்கள். ஒரு ராத்திரி நங்கூரம் போட்டுவிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, பாட்டு போட்டபடியே எல்லோரும் தூங்கிவிட்டோம். விடியற்காலை டிரைவர் சாவியைத் திருப்பினார். "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டாவது தடவை அந்த "டக்"கும் இல்லை. வாடைக்காற்று ஏறிக்கொண்டிருந்தது. வாக்கியில் பேசப் பித்தானை அழுத்தினால் விளக்கு மங்கி அதுவே அணைந்துபோனது. பக்கத்துப் படகு ஒன்று எங்களைப் பார்த்து வந்துசேர வெகுநேரம் ஆனது. ஆடுகிற இரண்டு படகுகளுக்கு நடுவே கயிறு கட்டி ஒரு பேட்டரியைக் கைமாற்றினோம். விரல் நசுங்காமல் தப்பியது கடவுள் புண்ணியம். அன்றைக்குத் தப்பு அந்த செட் மேல் இல்லை. பாட்டும், நங்கூர விளக்கும், பில்ஜ் பம்பும், வயசான பேட்டரியும் ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டதுதான் காரணம்.

அதனால் பேட்டரியிலிருந்தே தொடங்குகிறேன்.

எஞ்சின் பேட்டரியில் நேராக மாட்டுவது ஒரு வழி. செலவே இல்லை, அரை மணி நேர வேலை. காலையில் போய் சாயங்காலம் திரும்பும் படகில், எஞ்சின் ஓடும்போது மட்டுமே பாட்டு கேட்பார்கள் என்றால் இதில் ஒன்றும் கெட்டுவிடாது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றி பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். செட் எடுப்பது அதில் தூசு. ஆனால் எஞ்சின் பேட்டரி என்பது ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொடுத்துவிட்டு உடனே நிரப்பிக்கொள்வதற்காகச் செய்தது. உள்ளே மெல்லிய தகடுகள். அதை இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்தால் சீக்கிரமே செத்துவிடும். 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 11.9 என்றால் காலி. பாதிக்குக் கீழே இறக்கி இறக்கி ஏற்றினால் ஒரு வருஷத்தில் புது பேட்டரிக்குக் காசு தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி, பாட்டுக்கும் விளக்குக்கும் தனியாக ஒரு பேட்டரி வைத்து, நடுவில் ஒரு திருகு சுவிட்ச் போடுவது. 1, 2, இரண்டும், ஆஃப் என்று நான்கு நிலை இருக்கும். சாமான் நல்லதுதான், நம்புவதற்கு மனுஷனைத்தான் நம்ப வேண்டும். "இரண்டும்" என்ற நிலையில் வைத்துவிட்டு யாராவது தூங்கிவிட்டால் இரண்டு பேட்டரியும் சேர்ந்து காலியாகும். எஞ்சின் ஓடும்போது தெரியாமல் "ஆஃப்"பில் திருப்பினால் ஆல்டர்னேட்டரின் டயோடு போகலாம். எட்டுப் பேர் மாறி மாறி வேலை பார்க்கும் படகில் இதை நான் சிபாரிசு செய்வதில்லை.

அதே வேலையைத் தானாகச் செய்யும் ரிலே இருக்கிறது. எஞ்சின் பேட்டரியின் வோல்ட்டேஜைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அது 13.3, 13.7 என்று ஏறினால், அதாவது ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது என்று தெரிந்தால், இரண்டாவது பேட்டரியைச் சேர்த்துவிடும். 12.8க்கு இறங்கினால் பிரித்துவிடும். ஆள் தொட வேண்டிய அவசியமில்லை. 12 வோல்ட் படகுக்கு என் முதல் தேர்வு இதுதான். பேட்டரி மட்டும் மூடிய வகையாக இருக்கட்டும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற உயரமான டியூபுலர் பேட்டரியைச் சிலர் கொண்டுவந்து வைக்கிறார்கள். அது நல்ல பேட்டரி, ஆனால் ஆடாத தரைக்குச் செய்தது. படகு சாயும்போது அமிலம் வழிந்து பலகையிலும் இரும்பிலும் இறங்கும்.

லித்தியம் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரி முப்பது கிலோவை நெருங்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் அதில் பாதிக்கும் குறைவு. கடைசி வரை வோல்ட்டேஜ் இறங்காமல் கொடுக்கும், ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். ஆனால் அதை அந்த ரிலேயில் அப்படியே சேர்த்தால் ஆல்டர்னேட்டரிலிருந்து அடங்காமல் இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடாகும். இழுக்கிற கரண்டை அளவோடு நிறுத்த, நடுவில் ஒரு டி.சி. சார்ஜர் கட்டாயம் வேண்டும். பாட்டுக்காக மட்டும் இந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

இனி 24 வோல்ட் படகு. பெரிய எஞ்சின் என்றால் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 ஆக்கியிருப்பார்கள். கார் செட் 12 வோல்ட். நேராகக் கொடுத்தால் அந்த நிமிஷமே புகை. அதனால் பலரும் செய்கிற காரியம், இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது. முதல் மாதம் நன்றாகப் பாடும். எதில் எடுக்கிறோமோ அந்த பேட்டரி எப்போதும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஆல்டர்னேட்டருக்கு அது தெரியாது. மொத்தத்தில் 28 வோல்ட் வந்தால் போதும் என்று இருந்துவிடும். கறந்த பேட்டரியில் 13.3தான் நிற்கும், கறக்காததில் 14.7 ஏறும். ஒன்று பசியில் சாகும், மற்றது அஜீரணத்தில் சாகும். கொதித்துத் தண்ணீர் வற்றுகிற பேட்டரி நல்ல பேட்டரியாக இருக்கும். எதில் பாட்டு ஓடுகிறதோ அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தடைக்காலத்துக்கு முன்னால் ஜோடியில் ஒன்று மட்டும் ஏன் ஊதிப்போனது என்று என்னிடம் கேட்டவர்களிடம் நான் முதலில் தேடுவது இந்த நடு ஒயரைத்தான்.

இதற்கு இரண்டு சரியான வழிகள். 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டு, கூடவே வோல்ட்டேஜ் 24.4க்கு இறங்கினால் பாட்டை வெட்டிவிடும் ஒரு கட்-ஆஃப் வைப்பது முதல் வழி. இரண்டு பேட்டரியிலும் சமமாக எடுக்கும், செலவும் குறைவு. கணக்குப் போட்டால், சாதாரண சத்தத்தில் செட் சராசரியாக 3 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 24 வோல்ட் பக்கம் அது ஒன்றே முக்கால் ஆம்பியர்தான். எட்டு மணி நேரத்துக்கு 14 ஆம்பியர் மணி. பேட்டரி புதுசாக இருந்தால் இது பெரிய சுமையில்லை. இரண்டாவது வழி, 24லிருந்து எடுத்து 12 வோல்ட் பேட்டரி ஒன்றைச் சார்ஜ் செய்யும் சார்ஜர். எஞ்சின் ஓடும்போது மட்டும் அது வேலை செய்யும், எஞ்சின் நின்றால் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுவிடும். பாட்டு எவ்வளவு தின்றாலும் பெரிய பேட்டரியைத் தொட முடியாது. ஒரே ராத்திரி தங்கும் படகுக்கு முதல் வழி போதும் என்பேன். ஒரு வாரம் தங்குகிற படகுக்கு, அதுவும் பேட்டரி வயசு தெரியாத படகுக்கு, இரண்டாவதுதான்.

எப்படி எடுத்தாலும் வாக்கியும் ஜி.பி.எஸ்.ஸும் பாட்டு பேட்டரியில் சேரக்கூடாது. அவற்றுக்குத் தனி வழி.

சரி, இப்போது செட்.

அட்டைப் பெட்டியில் "50 வாட் x 4" என்று போட்டிருப்பதைப் பார்த்து மச்சான் மயங்கியிருந்தார். செட்டைத் திருப்பிப் பின்பக்கம் இருக்கிற ஃபியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர். ஆல்டர்னேட்டர் ஓடும்போது 14.4 வோல்ட் என்றால் உள்ளே போகவே அதிகபட்சம் 144 வாட். அதில் பாதிக்குக் கிட்ட சூடாகப் போய்விடும். உள்ளே போகாத 200 வாட் வெளியே எப்படி வரும்? தொடர்ந்து கிடைப்பது ஒரு ஸ்பீக்கருக்கு 17, 20 வாட். அது கேபினுக்குத் தாராளம். டெக்கில் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்றால் கொஞ்சம் திணறும். அப்போது தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும், அதிலும் டி வகுப்பு ஆம்ப்ளிஃபயராகப் பார்த்து வாங்க வேண்டும். எடுக்கிற கரண்டில் 80 சதவீதத்துக்கு மேல் ஸ்பீக்கருக்கே அனுப்பும். பழைய வகை ஐம்பது, அறுபதோடு நின்றுவிடும்.

கார் செட்டுக்கும் மரைன் செட்டுக்கும் விலை பல மடங்கு வித்தியாசம். எதற்குக் கொடுக்கிறோம்? மரைன் செட்டின் உள்ளே சர்க்யூட் பலகை மேல் பாதுகாப்புப் பூச்சு இருக்கும், முகப்பு ரப்பர் வைத்து மூடியிருக்கும், பிளாஸ்டிக் வெயிலில் வெளுக்காது. ஃப்யூஷன் மாதிரி நிறுவனங்கள் படகுக்கென்றே செட் செய்கின்றன, சிலவற்றை ஜி.பி.எஸ். திரையிலிருந்தே இயக்கலாம். திறந்த டெக்கில், தண்ணீர் தெறிக்கும் இடத்தில் செட்டை வைக்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை, மரைன்தான். ஆனால் நம் விசைப்படகுகளில் செட் இருப்பது கேபினுக்குள், டிரைவர் தலைக்கு மேலே. அங்கே தண்ணீர் வராது, உப்புக்காற்றுதான் வரும். கார் செட் அந்த இடத்தில் இரண்டு மூன்று வருஷம் தாங்கும். முதலில் கெடுவது யு.எஸ்.பி. வாய். பச்சையாக ஒரு பொட்டு தெரிந்தால் களிம்பு பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ரப்பர் மூடி உள்ள செட்டாகப் பார்த்து வாங்கினாலே பாதி கவலை போய்விடும்.

ஸ்பீக்கரில் இந்தக் கணக்கு தலைகீழ். ஸ்பீக்கர் இருப்பது கேபின் பின்பக்க இறவாரத்துக்குக் கீழே, டெக்கைப் பார்த்து. வலை ஏற்றும்போது தெறிக்கிற தண்ணீர் முழுக்க அதன் மேல்தான். கார் ஸ்பீக்கரில் கோன், அதாவது நடுவில் அதிர்கிற கூம்பு, காகிதமாக இருந்தால் ஒரு ஐப்பசி மழையில் ஊறி, காய்ந்து, ஓரத்தில் கிழிந்து கரகரக்கும். வலைக்கம்பி துருப்பிடித்து வெள்ளைப் பெயிண்டில் சிவப்பாக ஒழுகும். மரைன் ஸ்பீக்கரில் கோன் பாலிபுரொப்பிலீன், ஓரம் ரப்பர், திருகு துருப்பிடிக்காத எஃகு. அதனால் நான் சொல்வது இதுதான்: செட்டில் மிச்சம் பிடியுங்கள், ஸ்பீக்கரில் பிடிக்காதீர்கள். கார் செட்டும் மரைன் ஸ்பீக்கரும் நன்றாகச் சேரும், இரண்டுமே 4 ஓம்.

முகப்பே இல்லாத புளூடூத் ஆம்ப்ளிஃபயர் பெட்டி இன்னொரு தேர்வு. பெட்டியை உள்ளே எங்கேயாவது மூடி வைத்துவிடலாம், ஒரு திருகு மட்டும் வெளியே. உப்பு நுழைய வழியே குறைவு, அந்த வகையில் எனக்குப் பிடித்தமானது. ஆனால் பாட்டு போனிலிருந்து வர வேண்டும். கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் டவர் போய்விடும், போனில் இறக்கி வைத்த பாட்டு மட்டும்தான் மிச்சம். மீன் சளி ஒட்டிய கையால் யார் போனைத் தொடுவது? அந்த போன் யாருடையது, சார்ஜ் யார் போடுவது? பென் டிரைவில் ஆயிரம் பாட்டைப் போட்டு செட்டில் சொருகி விட்டால் ஒரு வாரத்துக்கு யாரும் எதையும் தொட வேண்டாம். ரேடியோவும் வேண்டும். காரைக்கால் பண்பலை கரையோரத்தில் நன்றாக எடுக்கும், போகப் போக மங்கிவிடும். மீடியம் வேவ் அதைவிட வெகுதூரம் வரும். வானிலைச் செய்தி கேட்க இது உதவும் என்பதால் மீடியம் வேவ் இல்லாத செட்டை நான் தங்குகடல் படகுக்குப் போடுவதில்லை.

வீட்டு ஆம்ப்ளிஃபயரை இன்வெர்ட்டர் வைத்து ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், வேண்டாம். 12ஐ 230 ஆக்கி, ஆம்ப்ளிஃபயருக்குள் மறுபடி அதைக் குறைத்து, வழியெல்லாம் கரண்ட் வீண். பாட்டு நின்றிருந்தாலும் இன்வெர்ட்டர் குடித்துக்கொண்டே இருக்கும். அதையெல்லாம்விட, ஈர டெக்கில் 230 வோல்ட்.

கோன் ஸ்பீக்கர் என்று நாம் சொல்கிற ஹார்னைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற அதே குழாய். அந்த ஆம்ப்ளிஃபயர்களில் பல 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். ஒரு வாட் கொடுத்தால் சாதாரண ஸ்பீக்கர் ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் கிட்டத் தரும், கோன் 105 வரை தரும். அந்த 15 டெசிபல் என்பது முப்பது மடங்கு வாட்டுக்குச் சமம். வெயில், மழை, உப்பு எதற்கும் அசையாது. எஞ்சின் இரைச்சலுக்கு மேலே டிரைவர் குரல் அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், நிற்கிறவனுக்குக் கேட்க வேண்டும் என்றால் இதைவிட நல்லது இல்லை. பாட்டுக்குத்தான் சரிவராது, அடி சத்தமே வராமல் மேளம் தகரம் தட்டியது போலிருக்கும். மைக்கும் அறிவிப்பும் முக்கியம், பாட்டு இரண்டாம் பட்சம் என்கிறவர்கள் தைரியமாகப் போடலாம்.

மச்சான் காட்டிய மூன்றாவது படம், சொந்த பேட்டரி உள்ள புளூடூத் ஸ்பீக்கர். விசைப்படகுக்கு அது பற்றாது. ஃபைபர் படகுக்கு அதுவேதான் சரி. கயிறு இழுத்து எஞ்சின் கிளப்புகிற படகில் பேட்டரியே கிடையாது, அதற்கு ஒயரிங் எதற்கு? ஐ.பி.எக்ஸ் 7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். சோதனை நல்ல தண்ணீரில் செய்தது. கரைக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் கழுவி, சார்ஜ் போடும் வாயை நன்றாகக் காயவிட்ட பிறகே சொருகுங்கள். ஈரத்தோடு சொருகினால் அந்த வாய் உள்ளேயே கருகும்.

செட் எதுவானாலும் கெடுவது பெரும்பாலும் ஒயரில்தான். பழைய படகு ஒன்றில் பாட்டு விட்டுவிட்டு வருகிறது என்று கூப்பிட்டார்கள். இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு முடிச்சைப் பிரித்தேன். பசை உருகி விரலில் ஒட்டியது. உள்ளே பச்சைத் தூள். ஒயரை ஒரு சாண் வெட்டி உறையை உரித்தால், அந்த ஒரு சாண் உள்ளேயும் செம்பு கறுத்துப்போயிருந்தது. திரி எண்ணெயை உறிஞ்சுவது போலப் புரியொயர் உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே போகும். டேப் அதைத் தடுக்காது. செம்பு லக் வைத்து நல்ல கிரிம்பிங் கருவியால் அழுத்தி, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயைப் போட்டுச் சூடு காட்டுங்கள். ஓரத்தில் பசை ஒரு சொட்டு பிதுங்கினால் அடைத்துவிட்டது. ஈயப்பற்று மட்டும் வைத்து விடுவது எஞ்சின் அதிர்வில் அந்த இடத்திலேயே ஒடியும்.

ஒயர் டின் பூசிய செம்பாக இருந்தால் உத்தமம். கிடைக்காவிட்டால் பல புரி உள்ள செம்பு ஒயர். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி வேண்டாம். ஸ்பீக்கர் ஒயர் என்று விலை மலிவாக வருவதில் பாதி, செம்பு முலாம் பூசிய அலுமினியம். பிளேடால் ஒரு புரியைச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தடிமனுக்கு ஒரு கணக்கு: பேட்டரியிலிருந்து செட் 6 மீட்டர் என்றால் போகவர 12 மீட்டர். 10 ஆம்பியர் இழுக்கும்போது 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் வழியிலேயே 0.84 வோல்ட் போய்விடும். 4ல் அரை வோல்ட், 6ல் 0.35. பேட்டரி 12.2ல் இருக்கும் நேரத்தில் அந்த 0.84ம் போனால், பறை அடிக்கிற இடத்தில் செட் அணைந்து அணைந்து எரியும். செட் பழுது என்று மாற்றியவர்கள் இருக்கிறார்கள். நான் 4க்குக் கீழே போடுவதில்லை.

ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாணுக்குள். அமெரிக்கப் படகு ஒயரிங் தரம் 7 அங்குலம் என்கிறது. செட்டின் பின்னால் இருக்கும் ஃபியூஸ் செட்டைத்தான் காக்கும். பேட்டரியிலிருந்து செட் வரை வருகிற ஒயர் எங்கேயாவது தேய்ந்து ஷார்ட் ஆனால் அதைக் காப்பது பேட்டரி பக்கத்து ஃபியூஸ் மட்டுமே. மரப்படகில் இதை விட்டால் தீ.

கார் செட்டில் மஞ்சள் ஒயர் நினைவுக்கு, சிவப்பு சாவிக்கு, கறுப்பு நெகட்டிவ். மஞ்சள் எப்போதும் கொஞ்சம் குடிக்கும். 10 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் தடைக்காலத்தின் 61 நாளில் கிட்டத்தட்ட 15 ஆம்பியர் மணி. ஆகவே மஞ்சளையும் மெயின் சுவிட்சுக்குப் பிறகே எடுங்கள். கறுப்பை எஞ்சின் உடம்பிலோ இரும்புப் படகின் உடம்பிலோ காரில் செய்வதுபோல மாட்டக்கூடாது. கரண்ட் உடம்பு வழியே திரும்பினால் மற்ற உலோகம் அரிக்காமல் காக்க அடியில் வைத்திருக்கும் ஜிங்க் கட்டை சீக்கிரம் கரையும், புரொப்பல்லரில் குழி விழும். நெகட்டிவ் தனி ஒயராகவே பேட்டரி வரை போகட்டும். ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரும் நெகட்டிவ் கிடையாது. இந்த செட்டுகளில் இரண்டு முனையுமே உயிருள்ளவை. இரும்புப் படகில் ஸ்பீக்கர் ஒயர் உறை தேய்ந்து உடம்பில் பட்டால் செட்டுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. போய்விடலாம். ரப்பர் குழாய்க்குள் விட்டே துளைகளைக் கடக்க வேண்டும்.

இடம் குறிக்கும்முன் ஒன்று செய்யுங்கள். திசைகாட்டியை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும், நீங்கள் ஸ்பீக்கரைக் கையில் பிடித்து மெதுவாகப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். மச்சான் படகில் ஒரு முழம் தூரத்துக்கு வருமுன்பே வட்டு நகரத் தொடங்கிவிட்டது. மச்சான் முகம் மாறிவிட்டது. அதற்கு முன் இருந்த ஸ்பீக்கர் அந்த இடத்தில்தான் பல வருஷம் இருந்தது. ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி வைத்து, வட்டு அசையவில்லை என்று பார்த்த பிறகே துளை போட்டேன்.

எல்லாம் முடிந்ததும் வாக்கியையும் சோதிக்க வேண்டும். ஆள் பேசாத சேனலில் வைத்து, இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் திருகை, இரைச்சல் அப்போதுதான் நிற்கும் அளவுக்குக் குறைத்துவிட்டு, செட்டையும் கன்வெர்ட்டரையும் போட்டுப் போட்டு அணையுங்கள். போடும்போது "உஸ்" என்று வந்தால், ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலில் தூரத்துப் படகு உதவி கேட்டாலும் உங்களுக்குக் கேட்காது. குற்றவாளி பெரும்பாலும் மலிவான கன்வெர்ட்டர் அல்லது அந்தக் குட்டி யு.எஸ்.பி. சார்ஜர். ஆன்டெனா ஒயரைவிட்டு அதைத் தள்ளி வையுங்கள், ஒயரை முறுக்கிக் கட்டுங்கள், ஃபெரைட் வளையம் மாட்டிப் பாருங்கள். அடங்காவிட்டால் அதைத் தூக்கிவிட்டு வேறு வாங்குங்கள். பாட்டு ஸ்பீக்கர் டெக்கைப் பார்க்கட்டும், வாக்கியின் ஸ்பீக்கர் டிரைவர் காதுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மச்சான் படகில் கடைசியில் போட்டது: 24லிருந்து 12க்குச் சார்ஜ் செய்யும் சார்ஜர், பெட்டியில் வைத்துப் பட்டையால் இறுக்கிய 100 ஆம்பியர் மணி மூடிய பேட்டரி, 15 ஆம்பியர் ஃபியூஸ், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், யு.எஸ்.பி.யும் மீடியம் வேவும் உள்ள சாதாரண கார் செட், இறவாரத்தில் ஒரு ஜோடி மரைன் ஸ்பீக்கர். அவர் முதலில் பார்த்த மரைன் செட்டுக்கான பணத்தில் இத்தனையும் அடங்கிவிட்டது. ஒரு சின்ன மல்டிமீட்டரையும் கையில் கொடுத்து, நங்கூரத்தில் கிடக்கும் நாளெல்லாம் விடியற்காலையில் இரண்டு பேட்டரியையும் அளந்து எழுதி வையுங்கள் என்றேன்.

தடை முடிந்து முதல் பயணம் போய்த் திரும்பினார். கேபின் சுவரில் பென்சிலால் ஐந்து நாள் கணக்கையும் எழுதியிருந்தார். பாட்டு பேட்டரி மிகக் குறைந்தது மூன்றாம் நாள் காலை, 12.3. பெரிய பேட்டரி ஐந்து நாளும் 25க்குக் கீழே இறங்கவே இல்லை.